கோரிக்கை மனு: பழுதை நீக்காமலே முடிக்கப்படும் இணையப் புகார்களும் மறுக்கப்படும் கட்டணத் தள்ளுபடியும்

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
கணபதி – விளாங்குறிச்சி பகுதி,
கோயம்புத்தூர் வடக்கு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
(தலைவர், மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழு),
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர் – 641018.

பொருள்: வீட்டு இணைய இணைப்புகள் – பழுது நீங்காமலே புகார்கள் முடிக்கப்படுவது – மூன்று நாள் விதிப்படியான கட்டணத் தள்ளுபடி மறுக்கப்படுவது – நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 16-இன் கீழ் விசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) அகலக்கற்றைச் சேவைத் தர ஒழுங்குமுறைகள், 2006; அவற்றுக்குப் பதிலாக வந்த 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள்.
2. தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், 2012.
3. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.
4. மின்சாரம் (நுகர்வோர் உரிமைகள்) விதிகள், 2020.
5. இச்சங்கம் பல அலுவலகங்களுக்கு முன்னர் அனுப்பிய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெற்றது. உறுப்பினர்கள் அனைவரும் வீட்டு இணைய இணைப்புக்கு முன்பணமாகக் கட்டணம் செலுத்துகிறவர்கள்.

அ. முந்தைய மனுக்களின் சாரம்

பார்வை 5-இல் கண்ட மனுக்களை யாரேனும் படித்ததற்கான அடையாளம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவற்றில் எழுதியதை மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதல் மனு கொரோனா முடக்கத்தை ஒட்டி எழுதப்பட்டது. வீட்டு இணையம் பொழுதுபோக்குக்கானது என்ற எண்ணத்தில் பழுதுகள் ஆறப்போடப்படுவதை அதில் சுட்டிக்காட்டியிருந்தோம். எங்கள் பகுதியில் டைடல் பார்க்கிலும் சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பணிபுரிகிறார்கள். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் பகலில் மிஷினைப் பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டு இணைப்பில்தான் கணக்கைப் பார்க்கிறார்கள். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் இ-வே பில் இல்லாமல் லாரி நகராது. வரி கட்ட வேண்டியவர் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைக் கெடு தாண்டித் தாக்கல் செய்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். அந்த 50 ரூபாயை வசூலிக்க எந்த அதிகாரியும் மனு எழுத வேண்டியதில்லை. அடுத்த படிவத்தில் அது தானாகவே வந்து நிற்கும். எங்களுக்குச் சேர வேண்டிய தள்ளுபடி மட்டும் ஏன் தானாக வருவதில்லை என்று கேட்டிருந்தோம். பதில் இல்லை.

அடுத்த மனுவில், நிறுவனமும் உள்ளூர் ஆப்பரேட்டரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதை எழுதினோம். நிறுவனத்தின் எண்ணுக்கு அடித்தால், "அது லோக்கல் ஆப்பரேட்டர் பார்க்கோணுமுங்க" என்கிறார்கள். ஆப்பரேட்டரிடம் போனால், "மெயின் லைன் கம்பெனியுதுங்க, அவங்கதான் ஒட்டோணும்" என்கிறார். உரிமம் பெற்றவர் யாரோ அவரே பொறுப்பு. ஆப்பரேட்டருடன் அவர் செய்துகொண்ட ஏற்பாடு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று குறிப்பிட்டோம். "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. உரிய துறை எது என்று அந்த வரியில் இல்லை.

கடைசி மனுவில், "ப்ரீபெய்டு பிளானுக்குத் தள்ளுபடி கிடையாதுங்க" என்று எங்கள் உறுப்பினர்களிடம் சொல்லப்படுவதை எழுதினோம். அது தவறு என்பதைக் கீழே விதியுடன் காட்டியுள்ளோம்.

ஆ. தங்களை நாடுவதற்கான காரணம்

தொலைத்தொடர்பு மத்திய அரசின் பொருள் என்பதும், டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(42), 'சேவை' என்பதில் தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்துவிட்டது. மேலும், அச்சட்டத்தின் பிரிவு 16, நுகர்வோர் ஒரு பிரிவினராகப் பாதிக்கப்படும்போது தம் எல்லைக்குள் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அளிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கே தருகிறது. இம்மனு ஒரு வீட்டின் புகார் அன்று. ஆகவே இதை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இ. முதன்மைக் கோரிக்கை: மூன்று நாள் விதி

2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் விதி தெளிவாக இருந்தது. பழுது மூன்று வேலை நாட்களைத் தாண்டினால் ஏழு நாள் கட்டணம் தள்ளுபடி. ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் கட்டணம். பதினைந்து நாளைத் தாண்டினால் ஒரு மாதக் கட்டணம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறையும் மூன்று நாள் என்ற எல்லையைக் கைவிடவில்லை. கம்பிவழி இணைப்புகளில் போஸ்ட்பெய்டு, ப்ரீபெய்டு இருவகையினருக்கும் இழப்பீடு உண்டு என்றே சொல்கிறது. சேவைத் தரம் குறைந்தால் விதிக்கப்படும் அபராதத்தையும் அது மீறலின் அளவுக்கேற்ப 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. விதிக்குக் குறைவில்லை. அது எங்கள் பகுதியில் எப்படிச் செல்லாக்காசாகிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

ஃபைபர் அறுகிறது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. புகார் செய்தவுடன் குறுஞ்செய்தியில் ஒரு எண் வருகிறது. 2012 ஒழுங்குமுறைப்படி வர வேண்டியதுதான். இரண்டாம் நாள் மாலை இன்னொரு குறுஞ்செய்தி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." யாரும் வரவில்லை, சிவப்பு விளக்கும் அணையவில்லை. மறுபடி அழைத்தால், "அந்தப் புகார் குளோஸ் ஆயிருச்சுங்க, புதுசா ஒண்ணு போட்டுக்கறேனுங்க" என்கிறார்கள். புதிய எண், அதற்குப் புதிதாக மூன்று நாள். இப்படியே ஒரு வீடு பத்து நாள் இணைப்பின்றிக் கிடந்தாலும், நிறுவனத்தின் ஏட்டில் அது ஐந்து தனித்தனிப் புகார்கள். ஐந்தும் இரண்டிரண்டு நாளில் 'தீர்ந்தவை'. காலாண்டுதோறும் டிராய்க்குப் போகும் செயல்திறன் அறிக்கையும் இந்த ஏட்டிலிருந்துதான் தயாராகிறது. அறிக்கையில் குறையே இராது. தள்ளுபடி கேட்டால், "உங்க புகார் எதுவும் மூணு நாளைத் தாண்டலீங்களே" என்கிறார்கள். ஏட்டின்படி அது உண்மைதான்.

அதாவது மூன்று நாள் என்ற கடிகாரம் பழுதுக்குப் பொறுப்பானவர் கையிலேயே இருக்கிறது. அவர் விரும்பும்போது அதை நிறுத்துகிறார், மறுபடி ஓடவிடுகிறார். இந்த நிலை நீடிக்கும்வரை வேறு எந்த விதியைக் கொண்டுவந்தாலும் பயன் இல்லை.

எங்கள் கோரிக்கை இதுவே: மூன்று நாளைப் புகார் எண்ணைக் கொண்டு கணக்கிடக் கூடாது, லைன் அறுந்த நேரத்திலிருந்து அது மீண்ட நேரம்வரை கணக்கிட வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அதற்கும் முன்கூட்டியே பதில் தருகிறோம். ஃபைபர் இணைப்பில் வீட்டிலுள்ள கருவியும் நிறுவனத்தின் நிலையத்திலுள்ள ஓஎல்டி கருவியும் ஓயாமல் தொடர்பில் இருக்கின்றன. வீட்டுக் கருவி எந்த நொடியில் காணாமல் போனது, எந்த நொடியில் திரும்ப வந்தது என்பது நிலையத்தில் பதிவாகிறது. "உங்க வீட்டுல கரண்ட் இல்லாம இருந்திருக்குமுங்க" என்ற சாக்குக்கும் அதில் விடை உண்டு: மின்சாரம் போனால் வீட்டுக் கருவி அணையும் முன் ஒரு கடைசிச் சமிக்ஞையை அனுப்பிவிட்டுத்தான் அணைகிறது, ஃபைபர் அறுந்தால் அந்தச் சமிக்ஞை வராமல் ஒளி மட்டும் நின்றுபோகும். எனவே பழுது யார் பக்கம் என்பதை நாங்கள் வாதாட வேண்டியதில்லை. அவர்களுடைய கருவியே சொல்லும். புகாரை ஒரு ஊழியர் 'முடித்துவிடலாம்'. கருவியின் பதிவை அப்படி முடிக்க முடியாது.

முன்னுதாரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்வை 4-இல் கண்ட மின்சார நுகர்வோர் உரிமை விதிகள், தொலைவிலிருந்தே கண்காணிக்கக்கூடிய சேவைக் குறைபாடுகளுக்கு இழப்பீடு தானாகவே வழங்கப்பட வேண்டும் என்கின்றன. மின்சாரத்துக்குப் பொருந்தும் நியாயம், மின்கம்பத்தின் மேலேயே ஓடும் இணையக் கம்பிக்குப் பொருந்தாது என்பதற்குக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் ஏற்பாட்டில் 2019 ஏப்ரல் முதல் பல நிறுவனங்கள் இதைச் செய்துவருகின்றன: இணைப்புப் பழுது இரண்டு முழு வேலை நாட்களில் சரியாகாவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு வாடிக்கையாளர் கேட்காமலே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் அது நாளொன்றுக்கு 8 பவுண்டு.

தனித்தனியே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். மாதம் 600 ரூபாய் கட்டும் வீட்டுக்கு ஏழு நாள் தள்ளுபடி 140 ரூபாய். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பது உண்மை. இணையவழியிலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம் என்பதும் உண்மை. ஆனால் அதற்கும் இணையம் வேண்டும். நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போனால் முடிவுக்கு 39 நாள் வரை ஆகலாம். 140 ரூபாய்க்காக யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்பதுதான் மொத்தக் கணக்கே. ஒரு வீட்டுக்கு 140 ரூபாய். மாவட்டம் முழுவதும் தள்ளுபடி தரப்படாத வீடுகளுக்கெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ன தொகை என்பதைக் கணக்கிடத் தேவையான ஏடுகள் நிறுவனங்களிடம் மட்டுமே உள்ளன. அவற்றை வரவழைக்கும் நிலையில் தாங்கள் இருக்கிறீர்கள், நாங்கள் இல்லை.

எனவே தாங்கள்,

(1) பிரிவு 16-இன் கீழ் விசாரணை நடத்தி, கடந்த ஓராண்டில் கோவை வடக்குப் பகுதியில் முடிக்கப்பட்ட புகார்களையும் அதே இணைப்புகளின் ஓஎல்டி பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவிட வேண்டும்;

(2) வாடிக்கையாளர் ஒப்புதலின்றி எந்தப் புகாரும் முடிக்கப்படக் கூடாது என்றும், ஏழு நாட்களுக்குள் அதே இணைப்பில் மீண்டும் பழுது வந்தால் பழைய புகார் எண்ணே தொடர வேண்டும் என்றும் நிறுவனங்களிடம் எழுத்தில் உறுதி பெற வேண்டும்;

(3) தள்ளுபடி தொகையோ கூடுதல் நாட்களோ அடுத்த ரீசார்ஜில் கேட்காமலே சேர்க்கப்பட வேண்டும் என்று மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மத்திய ஆணையத்துக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்ப வேண்டும். குழுவின் பணி ஆலோசனை கூறுவதே என்பதை அறிவோம். அந்த ஆலோசனையாவது எழுத்தில் இருக்கட்டும்.

ஈ. இதர கோரிக்கைகள்

(4) "100 எம்பிபிஎஸ் வரை" என்று விற்கப்படும் இணைப்புகளில் இரவு எட்டு மணிக்குக் கிடைக்கும் வேகத்தைச் சோதித்து, முடிவுகளை வெளியிட ஆவன செய்ய வேண்டும்.

(5) புதிய இணைப்புகள் 98 விழுக்காடு ஏழு நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்ற 2024 ஒழுங்குமுறை இப்பகுதியில் பின்பற்றப்படுவதை உறுதிசெய்ய வேண்டும்.

(6) சாலை தோண்டும் துறைகளும் ஒப்பந்ததாரர்களும், 2023 மார்ச் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் தகவல் கொடுத்த பின்னரே ஜேசிபியை இறக்க வேண்டும் என்று அறிவுறுத்த வேண்டும்.

(7) மின்கம்பங்களிலும் மரக்கிளைகளிலும் சுருள் சுருளாகத் தொங்கும் பயனற்ற கேபிள்களை அவற்றின் உரிமையாளர்கள் அகற்ற வேண்டும்.

(8) இணைப்பைத் திருப்பி ஒப்படைத்தவர்களுக்கு ரவுட்டர் முன்பணத்தைக் குறித்த காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

(9) கட்டண ரசீதுகளும் குறுஞ்செய்திகளும் தமிழிலும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டு அதிகாரியின் தொடர்பு விவரம் ஒவ்வொரு ரசீதிலும் அச்சிடப்பட வேண்டும்.

(10) காலாண்டுக்கு ஒரு முறை இப்பகுதியில் நிறுவனப் பிரதிநிதிகள் கலந்துகொள்ளும் குறைதீர் கூட்டம் நடத்தப்பட வேண்டும்.

உ. முடிவாக

கோரிக்கைகள் (4) முதல் (10) வரை ஒவ்வொன்றாக நிறைவேற்றப்படலாம், அவசரமில்லை. (1), (2), (3) அப்படி அல்ல. இம்மூன்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் என்ன என்று எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்பதை இம்மனுவுக்கான பதிலாக ஏற்க இயலாது. முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ஒரே பாதிப்புக்குள்ளான நுகர்வோர் சேர்ந்து வழக்குத் தொடர அனுமதிக்கும் பிரிவு 35(1)(சி)-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்; நிறுவனங்களின் ஓஎல்டி பதிவுகளை வரவழைக்க அங்கே விண்ணப்பிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
(செயற்குழுவின் தீர்மானப்படி)

இடம்: கோயம்புத்தூர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், உறுப்பினர்களின் "புகார் தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்திகளின் அச்சுப் படிகள், அதே நாட்களில் எடுக்கப்பட்ட சிவப்பு விளக்குப் படங்கள்.

நகல்:
1. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.
2. தொலைத்தொடர்புத் துறை, தமிழ்நாடு சேவைப் பகுதி அலுவலகம், சென்னை.
3. ஆணையாளர், கோயம்புத்தூர் மாநகராட்சி (கோரிக்கைகள் 6, 7 தொடர்பாக).