பாளையங்கோட்டைக்கு ஒரு நாள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பெண்ணை வெளியூர் காலேஜில் சேர்ப்பதா, உள்ளூரில் ஏதாவது வேலைக்கு அனுப்புவதா? "ஹாஸ்டல் எப்படி இருக்குமோ, யாரு பார்த்தா?" என்ற ஒரு கேள்வியிலேயே பல பெண்களின் படிப்பு நின்றுபோகிறது. போய்ப் பார்த்துவிட்டால் என்ன, சகோதரிகளே?

என் எதிர்வீட்டுத் தோழியின் மகளுக்கு இந்த நிலைதான். அப்பாவுக்கு அவளை மில் வேலைக்கு அனுப்ப எண்ணம். "அக்கா, நீங்களும் கூட வாங்க. ரெண்டு பேருமா ஒரு எட்டு பாளையங்கோட்டை போய் கண்ணால பார்த்துட்டு வந்துருவோம்" என்றாள் தோழி. சரியென்று எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பெரிய பாட்டிலில் நீர்மோர் எல்லாம் கட்டிக்கொண்டு, வன்னியம்பட்டி விலக்கில் விடிகாலை பஸ் ஏறினோம். ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி.

தாமிரபரணியைக் கடந்துதான் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டும். அந்தப் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. சுலோசன முதலியார் என்பவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியதால் இன்றும் அவர் பெயர்தான். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் ஊரைச் சுற்றிப் பார்க்க எங்களுக்குக் கைக்காசு செலவாகவில்லை!

பாளையங்கோட்டையை 'தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு' என்று சும்மா சொல்லவில்லை. தூய யோவான் கல்லூரி 1878-லும், தூய சவேரியார் கல்லூரி 1923-லும் தொடங்கியவை. காது கேளாத பிள்ளைகளுக்கு 1897-லேயே இங்கே பள்ளி வந்துவிட்டது. 1990-ல் ஏற்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இங்குள்ள கல்லூரிகள் இருக்கின்றன. 'மனோன்மணீயம்' நாடகம் எழுதிய சுந்தரம் பிள்ளையின் பெயர் அதற்கு.

என் மனசைத் தொட்டது சாராள் தக்கர் கல்லூரியின் கதை. சாராள் தக்கர் இங்கிலாந்துப் பெண்மணி. இந்தியாவுக்கு வந்ததே இல்லை! அண்ணன் இங்கே ஊழியம் செய்ததால் நம் பெண்களின் நிலை தெரிந்து கவலைப்பட்டவர். 1857-ல் அவர் மறைந்தபின் தோழிகள் பணம் திரட்டி அனுப்ப, அவர் பெயரில் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வந்தது. 1895-ல் கல்லூரியும் ஆனது. நேரில் பார்க்காத பெண்களுக்காக அங்கே யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். நாம் பெற்ற பெண்ணுக்காக நாம் ஒரு நாள் அலையக்கூடாதா?

மத்தியானம் ஒரு மகளிர் விடுதிக்குப் போனோம். தோழி கூச்சப்படாமல் கேட்டாள். நீங்களும் இவற்றைக் கேளுங்கள்: குடிதண்ணீர் காய்ச்சியதா, வடிகட்டியதா? எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? மாதவிலக்கு நாட்களில் நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்? கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? பார்க்க வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுகிறார்களா? சாப்பாட்டு நேரத்தில் போனால் சாம்பாரையும் ஒரு கை பார்த்துவிடலாம். அங்கே படிக்கிற பெண்களிடம் தனியாக ரெண்டு வார்த்தை பேசுங்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

பணத்துக்கும் வழி உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால், 2022-ல் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தோழியின் மகள் உள்ளூர் அரசுப் பள்ளி மாணவிதான்.

அல்வா பொட்டலத்தோடு ராத்திரி வீடு வந்தோம். தோழி தன் வீட்டுக்காரரிடம் வாதாடவில்லை. பார்த்ததை ஒன்றொன்றாகச் சொன்னாள். அவரும் அதட்டாமல் கேட்டார். கடைசியில், "கேட் ஆறு மணிக்கே பூட்டிருவாங்களா?" என்று கேட்டுவிட்டு, "சரி, அப்ளிகேஷனை வாங்கிட்டு வா" என்றார்.

அதனால், கல்லூரியில் சேர்க்கும் வயதில் பெண் இருக்கிற சகோதரிகளே, ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள். பெண்ணையும் அழைத்துப்போங்கள், படிக்கப்போகிறவள் அவள்தானே! நிழலான பருத்திப் புடவை, குடை, தண்ணீர், கையில் ஒரு நோட்டு இருந்தால் போதும். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். கேட்டதை மறக்காமல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.