பத்திரம் வீடு திரும்பிய நாள்



சென்ற சனிக்கிழமை மாலை நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுக்கு நெருங்கியவர். கையிலிருந்த துணிப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. பத்திரத்தை நேற்றுத்தான் வங்கியில் கொடுத்தார்கள். இதன்மேல் கை வைத்து ஒரு ஜெபம் பண்ணுங்கள்" என்றார். இருபது ஆண்டுக் கடனை அவர் 16 ஆண்டுகளும் சில மாதங்களுமாக அடைத்து முடித்திருந்தார்.

ஜெபித்து அனுப்பினேன். அவர் போன பிறகு என் மனம் அமைதியாக இல்லை. என் ஊழியத்தில் எத்தனை வீடுகளைப் பிரதிஷ்டை செய்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆனால் ஒரு வீட்டின் கடன் தீர்ந்த நாளன்று ஜெபிக்க யாரும் என்னை அழைத்ததில்லை. "உங்கள் கடன் எந்த அளவில் இருக்கிறது?" என்று நானும் யாரையும் விசாரித்ததில்லை. கடனுக்குள் நுழைகிற நாளில் பந்தல் போட்டுப் பிரியாணி பரிமாறுகிறோம். கடனிலிருந்து வெளியே வருகிற நாளில் ஒரு மனுஷர் தனியாகத் துணிப்பையோடு வீடு திரும்புகிறார்.

பிரதிஷ்டை தவறு என்று நான் சொல்லவில்லை. புது வீட்டைக் கட்டி இன்னும் பிரதிஷ்டை செய்யாதவன் யுத்தத்துக்குப் போகாமல் வீடு திரும்பலாம் என்று உபாகமம் 20-ஆம் அதிகாரம் இடம் கொடுக்கிறது. வீடு என்பது தேவனுடைய பார்வையில் அற்பமான காரியம் அல்ல. என் வருத்தம் வேறு. கடன் அனுமதிக் கடிதத்தை அற்புதமாகவும், வாடகை வீட்டைக் குறைவாகவும் எண்ணும் ஒரு பழக்கம் நம் நடுவில் வளர்ந்திருக்கிறது. அதை வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

2021-ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். திருமணமாகி நான்கு ஆண்டுகளான ஒரு தம்பதியரிடம், "இன்னும் எத்தனை நாள் வாடகை வீடு? விசுவாசத்தோடு அடியெடுத்து வையுங்கள்" என்று நான் ஒரு ஞாயிறன்று ஆலய வாசலில் சொன்னேன். அவர்களுடைய சம்பளம் என்ன, பெற்றோருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர்கள் அடியெடுத்து வைத்தார்கள். 30 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, 20 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 23,250 ரூபாய். பிரதிஷ்டைக்கு நான்தான் போனேன். வாசலில் கர்த்தருடைய பெயர் பொறித்த பளிங்குக் கல்லையும் நான்தான் திறந்து வைத்தேன்.

அந்தக் கடனின் வட்டி நிலையானது அல்ல. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கிற மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அவர்களுடைய 7 சதவீதம் 9.5 ஆயிற்று. அப்போது மீதமிருந்த அசல் சுமார் 29 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 22,950 ரூபாய். கட்டுகிற தவணையில் முந்நூறு ரூபாய்தான் அசலில் கழிந்தது. முன்பு குறித்த காலத்துக்குள் கடன் முடிய வேண்டுமானால் மாதம் 27,800 ரூபாய் வேண்டும். இல்லாவிட்டால், அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கடன் உயிரோடு இருக்கும்.

அவர்கள் ஆலயத்துக்கு வருவது மெல்ல நின்றது. எங்கோ ஆவிக்குரிய சோர்வு என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழெட்டு மாதங்கள் கழித்துத்தான் சந்திக்கப் போனேன். புது வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையைத் தவணையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இரண்டு தெருக்கள் தள்ளி ஒற்றை அறைப் போர்ஷனில் அவர்கள் குடியிருந்தார்கள். "சாட்சி சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது ஐயா?" என்றார் அந்தச் சகோதரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேவனுடைய வீட்டுக்கு வர ஒரு குடும்பம் வெட்கப்பட்டதற்கு நான் காரணமாயிருந்தேன்.

வீட்டுக்கடன் வாங்குவது பாவம் என்று இதனால் நான் போதிக்கப் போவதில்லை. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க, ஜனங்கள் தங்கள் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடைமானம் வைத்தார்கள். நெகேமியா கடன்பட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வட்டி வாங்கின பிரபுக்களையும் தலைவர்களையுமே கடிந்துகொண்டான். கடன்பட்டவனை நியாயந்தீர்க்கச் சபைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கடன்படப் போகிறவனோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சபைக்குக் கடமை உண்டு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்கிட வேண்டும் என்று இயேசு லூக்கா 14-இல் உவமையாகச் சொன்னார். உட்காரச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஆலய வாசலில் நின்றுகொண்டு பேசி முடிக்கிற காரியம் அல்ல அது.

ஆகவே உட்காருவோம். இன்று ஒருவர் 30 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதத்தில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகும். ஐந்து ஆண்டுகள் தவறாமல் 15 லட்சத்து 62 ஆயிரம் கட்டிய பின்னும், அசலில் குறைந்திருப்பது மூன்றரை லட்சம்தான். இருபது ஆண்டுகளின் முடிவில் கட்டிய மொத்தம் 62 லட்சத்தைத் தாண்டும். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. கூட்டு வட்டியின் இயல்பு அது. கையெழுத்துப் போடும் முன் அதை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு செலவு பலருடைய கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாற்பது லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு இதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். பொதுவாக வீட்டுக்கடன் இதற்குக் கிடைக்காது. அப்போது மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. சீட்டை நஷ்டத்துக்கு எடுக்கிறார்கள். அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்குகிறார்கள். வங்கிக் கடனைப் பற்றி வீட்டார் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சின்னக் கடன்களைப் பற்றிக் கணவனுக்கு மனைவியிடம் சொல்லத் தயக்கம், மனைவிக்குத் தாயிடம் சொல்லத் தயக்கம். குடும்பங்கள் உடைவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி கடனை அடைப்பதைப் பற்றி. மேலே சொன்ன 30 லட்சம் கடனில் ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால், இருபது ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே முடியும். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் செவிலியர் சகோதரி செய்தது இதைத்தான். விடுப்பை ஒப்படைத்துப் பெற்ற பணம், அரியர் பணம், பொங்கலுக்கு வந்தது என்று எது வந்தாலும், அதில் ஒரு பங்கை அசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் வீட்டுச் சுவருக்கு வெளிப்பூச்சு ஆறு ஆண்டுகள் இல்லை. உறவினர் கேலி செய்தார்களாம்.

"கடனை ஏன் சீக்கிரம் அடைக்க வேண்டும்? அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் கடன் வட்டியைவிட அதிகம் வருமே, வருமான வரியிலும் சலுகை உண்டே" என்று நம் இளைஞர் சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். கணக்கில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். வருமான வரியின் புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தாங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குச் சலுகை இல்லை என்பதை மட்டும் அவர்கள் நினைவில் கொள்ளட்டும். மற்றபடி, மாதம் தவறாமல் ஒழுங்காக முதலீடு செய்கிறவர் அப்படியே செய்யட்டும், நான் தடுக்கமாட்டேன். நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில், அசலுக்குப் போகாத பணம் முதலீட்டுக்கும் போகவில்லை. புதுக் காருக்குப் போயிற்று. மேலும், கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமையாவதைப் பற்றி நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம் எச்சரிப்பது வட்டி விகிதத்தை மட்டும் வைத்து அல்ல என்று நினைக்கிறேன். பொய்க்கணக்கு எழுதச் சொல்லும் முதலாளியிடம் "மாட்டேன்" என்று சொல்ல முடியாமல், தவணைத் தேதியை நினைத்து வாய்மூடி நின்றவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அந்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

ஏற்கெனவே கடனில் இருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தைகள். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரருக்குத் தெரிவித்து வாய்ப்பளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் கட்டளையிட்டிருக்கிறது. வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். கடன் முழுவதும் தீர்ந்த பின் 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடைமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய கடன் நின்றுகொண்டே இருக்கும்.

எரேமியா ஆனதோத்தின் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கியபோது, கிரயப் பத்திரங்களை நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். முழு விலையையும் நிறுத்துக் கொடுத்த பத்திரம் அது.

அந்தத் தம்பதியர் இப்போது மறுபடி ஆலயத்துக்கு வருகிறார்கள். இன்னும் போர்ஷனில்தான் இருக்கிறார்கள். இன்னும் ஏழு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று போட்ட கணக்கை எனக்குக் காட்டினார்கள். இனி என் வாயிலிருந்து "எப்போது வீடு வாங்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வி வராது. வந்தால் நீங்கள் என்னைத் திருத்தலாம்.

வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் செவிலியர் சகோதரியின் வீட்டில் நன்றி ஜெபம். பந்தல் இல்லை, சுண்டலும் தேநீரும் உண்டு. பத்திரத்தை மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், தவணை தவறிப்போனவர்கள் எல்லாரும் வாருங்கள். கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் தாளும் பேனாவும் கொண்டுவாருங்கள். ஜெபம் முடிந்ததும் உட்காருவோம்.