கிரேக்க எழுத்து மாட்டிய வீடு... உள்ளே போகலாமா, வேண்டாமா?

அமெரிக்காவில் அண்ணன் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருக்கும் வீடா உங்களுடையது? அங்கேயே வளர்ந்த பிள்ளை இந்த வருடம் காலேஜில் சேர்ந்திருந்தால், வாட்ஸ்அப் காலில் ஒரு புது வார்த்தை காதில் விழலாம். "பாட்டி, அடுத்த வாரம் நான் ரஷ் போறேன்!"

ரஷ் என்றால் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் இருக்கும் ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டி அமைப்புகளுக்கு ஆள் சேர்க்கும் வாரம். முதலாவது பையன்களுக்கானது, இரண்டாவது பெண்களுக்கானது. லத்தீனில் சகோதரன், சகோதரி என்ற சொற்களிலிருந்து வந்த பெயர்கள். ஹாலிவுட் படங்களில் வாசலில் பெரிய கிரேக்க எழுத்துகள் மாட்டிய வீடு ஒன்று வருமே, அதுதான் இது.

அந்த வாரத்தில் மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவார்கள். பிடித்திருந்தால் அமைப்பு அழைப்பு கொடுக்கும். அதற்குப் பெயர் 'பிட்'. பிறகு சில வாரங்கள் புது உறுப்பினர் காலம், அதன்பின் உறுதிமொழிச் சடங்கு. அதோடு வாழ்நாள் உறுப்பினர். ஒவ்வொரு செமஸ்டருக்கும் சந்தா உண்டு. அந்த வீட்டிலேயே தங்கினால் வாடகை, சாப்பாடு தனி.

எப்படித் தொடங்கியது?

1776-ல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 'ஃபை பீட்டா கப்பா' தொடங்கியது. கிரேக்க எழுத்தைப் பெயராக வைக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது. இன்று அது நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான கௌரவ அமைப்பு. இப்போது நாம் பார்க்கும் மாதிரி ஃப்ரட்டர்னிட்டி, நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-ல் 'கப்பா ஆல்ஃபா' என்ற பெயரில் ஆரம்பமானது.

தொடக்கத்தில் இவை வெள்ளைக்கார ஆண்களின் கூடம்தான். இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்களுக்கான அமைப்புகள் பெருகின. 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். 1908-ல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகளின் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' வந்தது. நம் துளசேந்திரபுரத்து வழித்தோன்றல் கமலா ஹாரிஸ், ஹாவர்டில் படிக்கும்போது சேர்ந்தது இதில்தான். 1990-களில் தெற்காசிய மாணவர்களுக்கான அமைப்புகளும் வந்துவிட்டன.

என்ன லாபம்?

முதல் லாபம், ஆள் துணை. பதினெட்டு வயதில், முப்பதாயிரம் பேர் படிக்கும் கேம்பஸில், யாரையும் தெரியாமல் போய் நிற்கும் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் ஐம்பது பேர் கிடைக்கிறார்கள். ஒரு சீனியர் 'பிக்' ஆகப் பொறுப்பெடுத்து, எந்த புரொஃபசரிடம் எந்தப் பாடம் எடுக்கலாம் என்பதுவரை சொல்லித் தருவார்.

இரண்டாவது, பொறுப்பு. வரவு செலவு பார்ப்பது, நிகழ்ச்சி நடத்துவது, நிதி திரட்டுவது எல்லாம் மாணவர்கள் கையில். 'ட்ரை டெல்டா' என்ற சொரோரிட்டி, மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பல வருடங்களாக நிதி திரட்டித் தருகிறது.

மூன்றாவது, வேலை. யூனியன் கல்லூரிப் பொருளாதார ஆய்வாளர்கள், வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படித்த ஆண்களின் விவரங்களை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃப்ரட்டர்னிட்டியில் சேர்ந்தவர்களின் மதிப்பெண், 4-க்குக் கணக்கிடும் ஜி.பி.ஏ-வில் சுமார் 0.25 குறைகிறது. ஆனால் பிற்கால வருமானம் சுமார் 36 சதவிகிதம் கூடுகிறது! மார்க் போனாலும் தொடர்புகள் காப்பாற்றுகின்றன என்பது அவர்கள் கணிப்பு. ஒரே ஒரு கல்லூரியின், அதுவும் ஆண்களின் கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தச் சில வாரங்கள்தான் ஆபத்து

சிக்கல், புது உறுப்பினர் காலத்தில் இருக்கிறது. 'நீ எங்களில் ஒருவன்தான் என்று நிரூபி' என்று சொல்லித் தூங்கவிடாமல் வைப்பது, அவமானப்படுத்துவது, அளவில்லாமல் குடிக்க வைப்பது. இதற்கு ஹேஸிங் என்று பெயர்.

நம் ஊர் ராகிங் மாதிரிதானே என்று தோன்றும். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதும், 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங்கில் மாட்டுபவர் தப்பிக்கப் பார்ப்பார். ஹேஸிங்கில் மாட்டுபவர் தானாக வந்து நிற்கிறார். இன்னும் ரெண்டு வாரம் தாக்குப் பிடித்தால் உள்ளே போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

ஏன்? 1959-லேயே எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவில் சேர, சில மாணவிகள் மிகவும் சங்கடமான சோதனையைத் தாண்ட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குச் சுலபமான சோதனை, அல்லது எதுவுமே இல்லை. பிறகு எல்லோரையும் படு போரான ஓர் உரையாடலைக் கேட்க வைத்தார்கள். அதிகம் கஷ்டப்பட்டு வந்தவர்களுக்குத்தான் அந்தக் குழு அதிகம் பிடித்திருந்தது. பட்ட கஷ்டம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. அடுத்த வருடம் சீனியர் ஆனதும், தான் பட்டதையே ஜூனியருக்குக் கொடுப்பதும் இதனால்தான்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். திமோத்தி பியாஸா, வயது 19, இன்ஜினீயரிங் மாணவர். அழைப்பை ஏற்றுக்கொண்ட முதல் இரவில், 82 நிமிடங்களில் 18 முறை அவர் கையில் மது கொடுத்தார்கள். மாடிப்படியில் விழுந்து அடிபட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது சுமார் 12 மணி நேரம் கழித்து. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வீட்டில் அத்தனை 'பிரதர்கள்' இருந்தும் ஏன் ஒருவர்கூட உடனே போன் எடுக்கவில்லை? அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழே மது அருந்துவது சட்ட விரோதம். ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், அமைப்பையே மூடிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். வீட்டைக் காப்பாற்ற நினைத்தால் பிள்ளை போய்விடுகிறான்.

'நம்ம ஆளுங்க அமைப்புதானே' என்பதும் உத்தரவாதம் இல்லை. 2013-ல் நியூயார்க் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர், ஆசிய அமெரிக்கர்களின் ஃப்ரட்டர்னிட்டி நடத்திய சடங்கில் உயிரிழந்தார். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டை ஏற்றி, திரும்பத் திரும்ப இடித்துத் தள்ளினார்கள். அங்கேயும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. தாமதமாகத் தாங்களே காரில் கொண்டுபோனார்கள்.

சேருமுன் கேட்க வேண்டியவை

பியாஸா பெயரில் பென்சில்வேனியாவில் 2018-ல் கடுமையான சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுக்க ஒரு சட்டம். அதன்படி, ஹேஸிங் விதியை மீறிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சேர நினைக்கும் பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

* சந்தா, வாடகை, உடை, அபராதம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு?
* புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம்? தூக்கமும் வகுப்பும் கெடாதா?
* நடுவில் பிடிக்காமல் விலகினால் என்ன ஆகும்?
* குடித்து மயங்கியவருக்காக ஆம்புலன்ஸ் கூப்பிட்டவர்மேல் நடவடிக்கை இல்லை என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. உங்கள் கல்லூரியில் உண்டா?

"இதை வெளியே யாரிடமும் சொல்லாதே" என்று ஒரு சீனியர் சொன்னால், அந்த நிமிடமே கிளம்பிவிடலாம். ரகசியக் கைகுலுக்கல் இருந்துவிட்டுப் போகட்டும். உடம்பையும் மானத்தையும் தொடும் எதிலும் ரகசியம் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 'அதெல்லாம் வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்தால், பிள்ளை சேராமல் இருக்காது. சொல்லாமல் சேரும், அவ்வளவுதான். "யார் யாரைப் பார்த்தே? என்ன செய்யச் சொன்னாங்க?" என்று கதை கேளுங்கள். நடுராத்திரியில் ஏதாவது தப்பாகத் தோன்றினால், திட்டு விழாது என்ற தைரியத்தில் போன் போட ஒரு நம்பர் அவர்களுக்கு வேண்டும். அது உங்களுடையதாக இருக்கட்டும்.