பத்துப் பவுன் மரியாதை

சிதம்பரத்தில் ஒரு கவரிங் பட்டறைக்கு வீட்டில் இருந்தபடியே சங்கிலி கோத்துக் கொடுக்கிறவள் நான். செம்பிலோ பித்தளையிலோ செய்த நகைக்கு மேலே மெல்லிசாகத் தங்க முலாம், அவ்வளவுதான் சங்கதி. வியர்வை பட்டுப் பட்டுக் கறுக்கும்.

போன தையில் கும்பகோணத்தில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கூலி பாக்கிக்கு ஈடாகப் பட்டறையில் கொடுத்த ஆரத்தைப் போட்டுக்கொண்டு போனேன். பார்வைக்குப் பத்துப் பவுன் சொல்லலாம். வழக்கமாக, "அண்ணி, ஸ்டோர் ரூம் சாவியை வச்சுக்குங்க" என்பதுதான் எனக்கு வரவேற்பு. அன்றைக்கு நாத்தனார், "அங்க ஏன் நிக்கிறீங்க அண்ணி, முன்னாடி வந்து உட்காருங்க" என்றாள். முதல் பந்தியில் இலை. சம்பந்தியம்மாள் எழுந்துவந்து ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் கதையும் தயார்: என் மகன் சிங்கப்பூரில் சூப்பர்வைசராம். அவன் கடலூரில் டெம்போ ஓட்டுகிறான். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத கொழுந்தனார் தூணோரம் கூப்பிட்டு, "ஒரு ஐம்பதாயிரம் இருந்தா குடுங்க அண்ணி, ஆனிக்குள்ள திருப்பிடறேன்" என்றார்.

கவரிங் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யாரும் கேட்கவில்லை என்பது சாக்கு. இத்தனை வருஷம் கிடைக்காத நாற்காலி. எழுந்திருக்க மனசு வரவில்லை.

காசைக் கண்டால் சனம் மாறும் என்பது பழைய புலம்பல். என் எரிச்சல் வேறு. 2005 வாக்கில் பவுன் ஐயாயிரம் அளவில் இருந்தது. இந்த ஆரத்தைப் பார்த்தவர் மனசில் ஐம்பதாயிரம் ஓடியிருக்கும். 2025 ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது. அதே பித்தளைக்கு அப்போதே 7 லட்சத்து மரியாதை. கோக்கிற கைக்குக் கூலி அப்படியா ஏறியது? வாங்க முடியாதவர்கள் கவரிங்குக்கு வருகிறார்கள், வந்ததை மறைக்கவும் செய்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் செய்கிற நாங்கள்தான். நாங்களே வாயைத் திறப்பதில்லை. அந்த மண்டபத்தில் மின்னியதில் எதெல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கு என்று கொக்கியை வைத்தே எனக்குத் தெரியும். ஃபேனைத் திருப்பிவைத்தாரே, அந்தச் சம்பந்தியம்மாள் கழுத்தில் கிடந்த காசுமாலையும் அதில் ஒன்று.

அடுத்த மாதம் கொழுந்தனார் பேரனுக்குக் காதுகுத்து. வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார். ஆரம் கொக்கிப் பக்கம் லேசாகக் கறுத்திருக்கிறது. மறுபடி முலாம் போடக் கொடுத்திருக்கிறேன்.