பெட்டி வந்தது, பாடம் வந்ததா?

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறதென்றால் ஊருக்கே திருநாள்தான். பந்தல் போடுகிறார்கள், பிரமுகர் வந்து நாடா வெட்டுகிறார், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. எத்தனை பெட்டிகள் வந்தன, எத்தனை லட்சம் செலவாயிற்று என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் வந்தது என்றுதான் கேட்பார் இல்லை. கேட்டுப் பார்த்த சில இடங்களில் கிடைத்த விடை சிந்திக்கத் தக்கது.

பெரு நாட்டின் அனுபவம்

2005-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபாண்டி, குழந்தைக்கு ஒரு லாப்டாப் என்ற திட்டத்தை உலகத்தின் முன் வைத்தார். 100 டாலரில் ஒரு லாப்டாப் என்பது இலக்கு. நடைமுறையில் ஏறக்குறைய 200 டாலர் ஆயிற்று. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாடு ஆர்வத்தோடு முன்வந்து 8 லட்சத்துக்கு மேல் வாங்கிற்று.

அந்நாட்டுக் கிராமங்களில் 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த அறிக்கை 2012-ல் வெளிவந்தது. லாப்டாப் பெற்ற பள்ளிகளையும் பெறாதவற்றையும் சுமார் 15 மாதங்கள் கழித்து ஒப்பிட்டார்கள். பொது அறிவுத்திறன் சோதனைகளில் சிறிது முன்னேற்றம் தென்பட்டது உண்மை. ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை.

ஏமாற்றும் ஒப்பீடு

ஒப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கென்யாவில், வகுப்பில் புரட்டிக் காட்டும் பெரிய படத்தாள்களால் படிப்பு வளருகிறதா என்று பார்த்தார்கள். ஏற்கெனவே அவை இருந்த பள்ளிகளில் மதிப்பெண் அதிகம். படத்தாளின் மகிமை என்றே யாருக்கும் தோன்றும். பின்னர் 178 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் சரிபாதிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசமே காணவில்லை! படத்தாள் வாங்க வசதியும் அக்கறையும் உள்ள பள்ளி, அது இல்லாவிட்டாலும் நன்றாகவே நடக்கும் அல்லவா? 2004-ல் வெளியான இந்த ஆராய்ச்சியைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர், 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ இருவருடன் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

குஜராத்தில் கண்ட இரு காட்சிகள்

அப்படியானால் கம்ப்யூட்டரே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. 2000-ஆம் ஆண்டில் குஜராத் அரசு, வடோதரா பகுதி நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு நான்கு நான்கு கம்ப்யூட்டர்கள் வழங்கியது. இரண்டு ஆண்டு சென்றும் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் தொடக்கூட இல்லை. பிறகு அதே பெட்டிகளில் கணக்கு விளையாட்டுகளை ஏற்றி, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, வாரம் 2 மணி நேரம் பழக்கினார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. ஆனால் பயிற்சி நின்று ஓராண்டு ஆனபின், அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்தும் போயிற்று.

அதே குஜராத்தில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. உபாத்தியாயர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். வகுப்பு முடிந்தபின் கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். உபாத்தியாயருக்குத் துணையாக வந்தபோது நன்மை செய்த பெட்டி, அவர் இடத்தைப் பிடித்தபோது தீமை செய்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டில் 2011-ல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஏழை வீட்டுக்குள் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் நுழைந்ததன் பெருமை சாமானியமானதல்ல. அந்தப் பெருமை வேறு, படிப்பின் பலன் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எந்தத் திட்டமானாலும் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். பெட்டி வருமுன் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருந்தது? பெட்டி வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? யாருடைய நேரத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது? பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்? ஓராண்டு கழித்தும் பலன் நிற்கிறதா? எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணம் போதாதபோது, முதலில் யாருக்கு என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தால் நியாயமும் ஆகும். பலனை அளக்கவும் வழி பிறக்கும்.

இதற்கு ஆகும் செலவு, பெட்டிகளுக்கு ஆகும் செலவில் சிறு துளிதான். வீணான பணத்தை அடுத்த பட்ஜெட்டில் ஈடுகட்டிவிடலாம். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை இழந்த ஓராண்டை எந்த பட்ஜெட்டிலும் ஈடுகட்ட முடியாது.