யாருக்கு இருந்தது அந்தச் சுதந்திரம்?

“எங்க காலத்துல பொழுது சாஞ்சாத்தான் வீட்டுக்கு வருவோம்; இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அந்தச் சுதந்திரம் ஏது?” என்று சலித்துக்கொள்கிறார் சித்தையன்கோட்டை அண்ணன் ஒருவர்.

வாய்க்காலில் குதித்தது, தோப்பில் இளநீர் திருடியது எல்லாம் உண்மைதான் அண்ணே. ஆனால் ஈரத்தலையோடு நீங்கள் வந்து உட்கார்ந்தபோது சுடச்சுடச் சோறு இருந்ததே, வடித்தது யார்? உங்கள் தங்கச்சி. இடுப்பில் ஒரு பக்கம் குடம், மறுபக்கம் கைக்குழந்தை. வயசுக்கு வந்ததும் அவள் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது, தொங்கியதுதான். 1981 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 35 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

பெண்பிள்ளைகள் கூட்டமாக ரோட்டை அடைத்துக்கொண்டு சிரித்தபடி போவதை நான் பார்த்தது, 2005 வாக்கில் அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச சைக்கிள் வந்த பிறகுதான்.

இந்தக் காலப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்குச் செல்போனைத் திட்டுகிறீர்கள். பைக் இடிக்கும் என்று கேட்டைப் பூட்டியதும் நீங்கள், தெருவில் அந்த பைக்கை முறுக்குவதும் நீங்கள். பள்ளி விட்டதும் டியூஷனுக்குத் தள்ளுவது யார்?

குடகனாற்றில் தண்ணீர் வரும்போது பேத்தியைக் கூட்டிப்போய் நீச்சல் பழக்குங்களேன். பேரனை மட்டுமல்ல, பேத்தியை.