அடக்கமும் சமூகத்திறனும்: ஒரு மயக்கம்

'நல்ல பிள்ளை' என்னும் தொடருக்குத் தமிழர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் வழங்கிவரும் பொருள் ஆராய்தற்குரியது. வாய் திறவாத பிள்ளை நல்ல பிள்ளை; கேட்ட கேள்விக்கு மாத்திரம் விடை கூறும் பிள்ளை நல்ல பிள்ளை; வீட்டுக்கு விருந்தினர் வந்தபோதும் புத்தகத்திலிருந்து தலை நிமிராத பிள்ளை மிக நல்ல பிள்ளை. பிறரோடு பழகவும், கருத்தால் மாறுபடவும், மாறுபட்ட பின் மீண்டும் கூடவும் அறிந்த பிள்ளைக்கு இவ்வழக்கிலே பெயர் எதுவும் இல்லை. 'வாயாடி' என்பதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பட்டமாகும். சிறுவருக்குச் சமூகத்திறன்களைக் கற்பிக்க வேண்டும் என்று இன்று மேடைதோறும் பேசப்படுகின்றது. ஆனால் அவ்வாறு பேசுவோரிற் பலர் அடக்கத்தையே சமூகத்திறன் என மயங்குகின்றனர். இம்மயக்கம் நீங்காதவரை எத்தனை பாடங்களைப் புகுத்தினும் பயன் விளையப்போவதில்லை.

சமூகத்திறன் என்பது யாது? உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன் கல்வி பற்றி வெளியிட்ட ஆவணங்களிற் பத்துத் திறன்களை வரிசைப்படுத்தியது. தன்னையறிதல், பிறர் நிலையினின்று உணர்தல், ஆக்கச் சிந்தனை, விமர்சனச் சிந்தனை, முடிவெடுத்தல், பிரச்சினை தீர்த்தல், தொடர்பாடல், ஆளிடைத் தொடர்பு, மனவெழுச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல் என்பனவே அவை. கீழ்ப்படிதல் இவ்வரிசையில் இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்திறன்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதற்கு உளவியலாளர் ஜீன் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் சான்றாகின்றது. சுவிற்சர்லாந்துச் சிறுவர் போளை விளையாடுவதை உற்றுநோக்கிய அவர், சின்னஞ்சிறு பிள்ளைகள் விளையாட்டு விதிகளைப் பெரியோர் வகுத்த மாற்றொணா நியதிகளாகக் கருதுவதையும், பத்துப் பதினொரு வயதை அடைந்தோர் அவற்றைத் தம்முள் செய்துகொண்ட உடன்பாடாக, அனைவரும் இசைந்தால் மாற்றத்தக்கனவாக, உணர்வதையும் கண்டார். நீதியுணர்வு மூத்தோரின் கட்டளையினாலன்றி ஒத்தாரோடு கூடிச் செயற்படுவதனாலேயே முதிர்கின்றது என்பது அவர் கண்ட முடிவாகும்.

இதனை விளங்கிக்கொள்ளச் சுவிற்சர்லாந்து வரை செல்லவேண்டியதில்லை. கிளித்தட்டு விளையாடிய எவருக்கும் இது தெரிந்ததே. கோட்டிலே நிற்பவன் தொட்டேன் என்கிறான். கடந்தவன் படவில்லை என்கிறான். அங்கே மத்தியஸ்தர் இல்லை. இருவரும் விடாப்பிடியாக நின்றால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் நின்றால் அனைவர்க்கும் நட்டம். எனவே ஒருவன் விட்டுக்கொடுக்கிறான். அல்லது மறுபடி ஓடிப் பார்க்க இருபாலாரும் உடன்படுகின்றனர். வாதாடல், செவிமடுத்தல், விட்டுக்கொடுத்தல், தோல்வியை ஏற்றல் ஆகிய அனைத்தும் அந்தச் சிறு முற்றத்திலே பயிலப்படுகின்றன. இதற்குப் பாடநூலும் இல்லை, புள்ளியும் இல்லை.

அந்த முற்றத்திற்கு நேர்ந்தது யாது? பியாஜே சுட்டிய அதே பத்து வயதிலேதான் இலங்கைச் சிறுவர் 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்த்தப்படுகின்றனர். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், 1940களில், வறிய கிராமப் பிள்ளைகளுக்கு மத்திய மகா வித்தியாலயங்களின் கதவைத் திறந்துவிடும் நோக்குடன் தோன்றிய ஏற்பாடு, இன்று மத்தியதர வர்க்கப் பெற்றோரின் மானப் பிரச்சினையாக மாறியுள்ளது. பாடசாலை விட்டதும் ரியூசன். வார இறுதியிலும் ரியூசன். எஞ்சிய பொழுதில் மாதிரி வினாத்தாள். அயலிலிருக்கும் தோழன் போட்டியாளனாகின்றான். தன் கொப்பியை அவனுக்குக் காட்டாதே எனத் தாயே அறிவுறுத்துகின்றாள். முடிவுகள் வெளியானதும் வெட்டுப்புள்ளியைக் கடந்தோரின் படங்கள் பாடசாலை வாயிலிலே பதாகைகளாகத் தொங்குகின்றன. கடவாத பிள்ளைகள் அடுத்தநாட் காலை அப்பதாகையின் கீழாகவே நடந்து உள்ளே செல்லவேண்டியுள்ளது. பத்து வயதிற் பெறும் இப்பாடத்தை அடுத்த வகுப்பிற் கற்கும் குடியுரிமைக் கல்வி அழித்துவிடும் என எதிர்பார்ப்பது பேதைமையாகும்.

6ஆம் தரத்திலிருந்து குடியுரிமைக் கல்வி ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுவது உண்மையே. அப்பாடநூல்களின் உள்ளடக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயின் ஜனநாயகத்தின் பண்புகள் ஐந்தினை எழுதுக என்ற வினாவுக்கு மனனஞ் செய்து விடையெழுதும் மாணவன், அதே வகுப்பறையில் எதனைக் காண்கிறான்? வகுப்புத் தலைவனை ஆசிரியரே நியமிக்கின்றார். ஆசிரியர் இல்லாத வேளையிற் கதைப்போரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவதே அத்தலைவனின் தலையாய கடமை. குழந்தை தன் வாழ்விற் காணும் முதலாவது அரசியற் பதவி, தோழரைக் காட்டிக்கொடுக்கும் பதவியாக அமைகின்றது. ஜனநாயகம் நூலிலே இருக்கின்றது; வகுப்பறையிலோ அதன் மறுதலை கோலோச்சுகின்றது. பிள்ளை எதனைக் கற்கும் என்பதற்கு விடை கூறவேண்டியதில்லை.

பிரம்பின் கதையும் இத்தகையதே. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. சிறுவர் தம் கருத்தை வெளியிடும் உரிமையை 12ஆம் உறுப்புரையில் ஏற்கும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும், 'கண் இரண்டையும் விட்டுவிட்டு அடியுங்கோ சேர்' என்று பிள்ளையைக் கையளிக்கும் தந்தையர் இன்னும் மறைந்துவிடவில்லை. பிணக்கு வந்தால் வலியவன் அடிக்கலாம் என்பதே இங்கு கற்பிக்கப்படும் சமூகத்திறன்.

இவ்விடத்து ஆசிரியர் பெற்றோரைச் சுட்டுவர். பெற்றோர் ஆசிரியரைச் சுட்டுவர். பண்பு வீட்டிலே ஊட்டப்படவேண்டும் என்பது ஆசிரியரின் வாதம். அதற்குத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம் என்பது பெற்றோரின் மறுமொழி. உண்மையில் இரு தரப்பினரும் ஒரே தவற்றையே இரண்டு இடங்களிற் செய்கின்றனர். வீட்டில் எந்த முடிவிலும் பிள்ளையின் கருத்துக் கேட்கப்படுவதில்லை. கடைக்குச் சென்று சாமான் வாங்கி மிச்சக் காசைக் கணக்குப் பார்த்து வருவதும், அயல்வீட்டுக்குச் செய்தி கொண்டு செல்வதும், நோயுற்ற உறவினரின் அருகே சிறிது நேரம் இருப்பதும் படிப்பைக் கெடுக்கும் வேலைகளாகிவிட்டன. இவற்றினும் பாரதூரமானது பால்வேறுபாடு. விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கவும், தமையன் உண்ட கோப்பையைக் கழுவவும் பெண்பிள்ளை பழக்கப்படுகின்றாள். பிறர் நலம் பேணும் திறனை ஆண்பிள்ளை கற்பதில்லை; மறுத்துரைக்கும் திறனைப் பெண்பிள்ளை கற்பதில்லை. பாதித் திறனை ஒருவருக்கும் பாதித் திறனை மற்றவருக்குமாகப் பங்கிட்டு இருவரையும் ஊனமாக்கும் முறை இது.

பழைய கிராமத்தையும் கூட்டுக்குடும்பத்தையும் நினைந்து ஏங்குவோர் உளர். திண்ணையிலும் கோயில் வீதியிலும் இத்திறன்கள் இயல்பாகவே கைவந்தன என்பது அவர் கூற்று. இக்கூற்றிற் பாதியே உண்மை. எவர் திண்ணையில் ஏறலாம், எவர் முற்றத்தில் நிற்கவேண்டும், எவருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கவேண்டும் என்பதனையும் அதே கிராமமே குழந்தைக்குக் கற்பித்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, ஏனையோர் வாங்கில் இருந்த காலம் ஒன்று இருந்தது. 1920களிலும் 1930களிலும் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் குரல் எழுப்பியபோது பழைமைவாதிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் ஆலயக் கதவுகளைத் திறக்க 1960களில் போராட வேண்டியிருந்தது. குழந்தை எங்கே இருத்தப்படுகின்றது என்பதே அது பெறும் முதலாவது சமூகப் பாடம் என்பதை அன்று வாங்குக்காகப் போராடியோர் நன்கறிந்திருந்தனர். இன்று புள்ளி வரிசைப்படி பிள்ளைகளை முன் வாங்கிலும் பின் வாங்கிலும் இருத்தும் ஆசிரியர் அதனை மறந்துவிட்டார்.

இத்தகைய கல்வியின் அறுவடையைக் காண விரும்புவோர் பல்கலைக்கழக வாயிலிலே நின்று பார்க்கலாம். பரீட்சைகள் யாவற்றிலும் தேறி, நாட்டின் அதியுயர் பெறுபேறுகளைப் பெற்றோரே அங்கு வருகின்றனர். 'நல்ல பிள்ளைகள்' என ஊரார் போற்றியவரும் அவரே. அவர்களுட் சிலர் ஓராண்டுக்குள், புதிதாக வந்த மாணவனை முழந்தாளில் நிறுத்தி வதைப்போராக மாறுவது எவ்வாறு? 1975இல் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடமாட்டத்தை இழந்தார். 1997இல் பகிடிவதை உயிர்களையே பலிகொண்டது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. அது முற்றாக ஒழிந்துவிட்டது என இன்றும் எவரும் கூறத் துணியார். பகிடிவதை ஏற்றத்தாழ்வை நீக்கி மாணவரை ஒன்றிணைக்கின்றது என்ற வாதமும் உண்டு. அச்சத்தினால் விளையும் இணக்கத்தை ஒற்றுமை என்பது, வகுப்பறை மௌனத்தை ஒழுக்கம் என்பதற்கு ஒப்பானது. கட்டளைக்குப் பணிய மாத்திரம் பழகியவனுக்கு இரண்டு நிலைகளே தெரியும்: பணிதல், பணித்தல். சமமாகப் பழகுதல் என்ற மூன்றாவது நிலை அவனுக்கு எங்கும் கற்பிக்கப்படவில்லை.

வேறு வழி உண்டென்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உள. 1978இல் உருவான நாடக அரங்கக் கல்லூரியைச் சார்ந்தோர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் வழிகாட்டலிற் சிறுவர் அரங்கை வளர்த்தெடுத்தனர். அடக்கி வைக்கப்பட்ட பிள்ளையின் உடலும் குரலும் அவ்வரங்கிலே விடுதலை பெற்றன. போரின் நடுவே 1996இல் மட்டக்களப்பில் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரினாற் காயம்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவரை ஒரே மரநிழலிற் கூட்டி, களிமண்ணாலும் வண்ணத்தாலும் கதையாலும் மீண்டும் பழகச் செய்தது. இரு முயற்சிகளிலும் பிள்ளைகளுக்குப் புள்ளி வழங்கப்படவில்லை. ஒழுக்கப் போதனையும் முதலிடம் பெறவில்லை. பிறரோடு கூடி ஒன்றை ஆக்கும் வாய்ப்பே வழங்கப்பட்டது.

பாடசாலைகள் இதனைச் செய்வதற்குப் பெருநிதி தேவையில்லை. வகுப்புத் தலைவரை மாணவரே தெரிவு செய்யட்டும். தவணைதோறும் அப்பொறுப்புக் கைமாறட்டும். வாரத்தில் ஒரு பாடவேளை வகுப்பின் பிணக்குகளை மாணவரே பேசித் தீர்க்கும் அவையாக அமையட்டும். விளையாட்டு நேரத்தைக் கணித ஆசிரியர் கடன் கேட்கும் வழக்கம் ஒழியட்டும். சிங்களத்தைப் பரீட்சைப் பாடமாகப் பயிலும் பிள்ளை ஆண்டிற் சில நாட்களேனும் சிங்களப் பிள்ளையொன்றோடு பேசி விளையாடட்டும். வீட்டிலே உணவு வேளையிற் பிள்ளை பேசட்டும். ஆண்பிள்ளையும் கோப்பை கழுவட்டும். தவறிழைத்த மூத்தோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கோரட்டும். மன்னிப்புக் கோருவதைக் காணாத பிள்ளை அதனைக் கற்பது எங்ஙனம்?

இவற்றால் ஒழுங்கு குலையும் எனச் சிலர் அஞ்சுவர். நாற்பது பிள்ளைகளும் சில பிணக்குகளும் கொண்ட வகுப்பிலே ஓசை எழவே செய்யும். அவ்வோசை கிளித்தட்டு முற்றத்தின் ஓசை. அதனைப் பொறுக்கமாட்டாத ஆசிரியரும் பெற்றோரும் பின்னாளிற் பல்கலைக்கழக விடுதிகளின் இரவுகளில் எழும் ஓலத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியவராவர். இன்று இப்பக்கங்களைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகவுள்ளனர். தமக்கு இழைக்கப்பட்டதைத் தம் பிள்ளைகளுக்கும் இழைப்பதா, இல்லையா என்பதை அவர்கள் இப்பொழுதே தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்தின் முதற் சோதனை, அடுத்த ஆண்டு வாயிலில் வந்து நிற்கவிருக்கும் புதிய மாணவனை அவர்கள் எவ்வாறு வரவேற்கின்றனர் என்பதிலேயே அமையும்.